பூட்டிய கேட்டும் பொத்தான் எட்டாத சட்டையும்

ஜூன் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை, பேப்பரிலேயே பார்த்துவிட்டேன். பக்கத்துக் கடை இஸ்திரிக்காரிதான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, உங்க மகன் படம் போட்டிருக்காங்க, மாவட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இனிமே இவன்தான் அதிகாரியாம்" என்றாள். மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் என் மகன். அவன் நாற்காலி முதுகில் கை வைத்தபடி நீங்கள். உங்களுக்குப் பக்கத்தில் மருமகள். ஓரத்தில் பேத்திக்குப் பாதி முகம். நான் எங்கே என்று தேடவில்லை. நான் இங்கே மிஷினில் இருக்கிறேன் என்பது எனக்கே தெரியும்.

"சின்ன விஷயம்தாம்மா, பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும், அதுக்காக பஸ்ஸில அலையாதீங்க" என்று தம்பி போனில் சொன்னான். சின்ன விஷயத்துக்குத்தான் நீங்கள் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு நின்றீர்கள் போலிருக்கிறது.

கோபமில்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அவன் பேசியதையும் இஸ்திரிக்காரி வாசித்துக் காட்டினாள். "நான் இந்த நாற்காலியில் உட்காரக் காரணம் ஒரே ஒருவர். அன்று என் தலைமை ஆசிரியை, இன்று என் மாமியார்." ஒரே ஒருவராம். அப்படியானால் பத்து மாதம் சுமந்தவள் எந்தக் கணக்கில் வருகிறாள் என்று தெரியவில்லை. அவன் அப்பா போன பிறகு, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்து அவனுக்குச் சோறு போட்ட மிஷின் இன்னும் இங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரும்புக்குக் காது இல்லை, கேட்டிருக்காது.

நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. பதவி ஏற்கும் நாளுக்கென்று வெளிர் நீலத்தில் ஒரு சட்டை தைத்து பார்சல் அனுப்பியிருந்தேன். படத்தில் அவன் போட்டிருப்பது என் சட்டை இல்லை. காலரைப் பார்த்தாலே தெரிகிறது, கடையில் வாங்கியது, முனை நாய்க்காது மாதிரி மடிந்திருக்கிறது. என் சட்டை வந்து சேரவில்லையா? இல்லை, சேர்ந்தும் பெட்டியில் தூங்குகிறதா? அவனுக்கு நான் ஒரு நாளும் டேப் வைத்து அளந்ததில்லை. என் கண்ணே போதும்.

இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். போனில் உங்கள் குரல் கேட்டால், மகனைப் பற்றிப் புகார் சொல்லக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று இந்த வயதிலும் எழுந்து நின்றுவிடுகிறேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்துகொண்டே எழுதலாம்.

பேத்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தையல் பாட்டி
(பேத்தி வைத்த பேர்தான். உங்களுக்கு டீச்சர் பாட்டி என்று வைத்திருக்கிறாள். அதிலும் நீங்கள் ஒரு படி மேல்.)


ஜூன் 11

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கடிதம் எழுதுவது எனக்கும் உவப்பானதே. இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் பேனா பிடிப்பதில்லை.

முதலில் சட்டை. அது பத்திரமாக வந்தது. மாப்பிள்ளை அன்று காலை அதைத்தான் முதலில் போட்டார். நடுவில் மூன்று பொத்தான்கள் எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டார், பேசினால் தெறித்துவிடும் என்று என் மகள் சொன்னாள். பேசாமல் பதவி ஏற்க முடியாதல்லவா? ஆகவே கடைச் சட்டை. தாங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன. அவர் சற்றுப் பெருத்துவிட்டார். நான் ஆசிரியை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவேன், தவறாக எண்ணக்கூடாது: அன்பு இருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும்.

தாங்கள் வருந்தக் கூடாது என்று அந்தச் சட்டையை இங்குள்ள தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே நிறையத் துணி விட்டிருக்கிறீர்களாம், பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும் என்றார்.

இத்துடன் மாப்பிள்ளை தயாரித்த சிறு புத்தகத்தை வைத்திருக்கிறேன். முதல் நூறு நாட்களில் மாவட்டத்தில் என்ன செய்யப்போகிறார் என்பது அதில் இருக்கிறது. ஜூலை 12ஆம் தேதி பெற்றோர்கள், ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டி வாசித்துக் காட்டப்போகிறார். அன்று தாங்கள் அவசியம் வர வேண்டும். முன் வரிசையில் என் பக்கத்து நாற்காலி தங்களுக்கு.

கூட்டம் நடக்கும் மண்டபத்தில் குளிரூட்டியை அதிகமாக வைப்பார்கள், சால்வை எடுத்து வரவும். எனக்கு வலது தோள் இப்போதெல்லாம் குளிரில் இறுகிப்போகிறது. சால்வை நழுவிக்கொண்டே இருப்பதால் பெரிய தொல்லை.

பேத்தி தங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

தங்கள்,
டீச்சர் பாட்டி


ஜூன் 15

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

மூன்று பொத்தான் எட்டவில்லை என்று படித்ததும் இரண்டு நாள் மிஷினைத் தொடவில்லை. உங்கள் வீட்டுச் சாப்பாடு அப்படிப் போலிருக்கிறது. என் வீட்டில் இருந்தவரை ஒட்டிய வயிறுதான். உங்கள் ஊர்த் தையல்காரர் என் தையலைப் பிரிக்கிறாராமே, பிரிக்கட்டும். எத்தனையோ பிரித்தாயிற்று, இதுவும் ஒன்று.

புத்தகத்தில் பொடி எழுத்து, கண் வலிக்கும்வரை படித்தேன். மிச்சத்தை இஸ்திரிக்காரி படித்துக் காட்டினாள். நல்லதெல்லாம் எழுதியிருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதலில் கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார்ந்து கேட்பானாம், அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பானாம். மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத் தானே வாசிக்க வேண்டுமாம். கழிப்பறைக்குக் கதவும், கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்ட பிறகுதான் சுவருக்குப் பெயிண்டாம். இதைக் கேட்டதும் இஸ்திரிக்காரி, "இது ஒண்ணுக்கே இவனுக்கு ஓட்டுப் போடலாம்க்கா" என்றாள். ஓட்டுக்கு நிற்கவில்லை, பரீட்சை எழுதி வந்த வேலை என்று சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வரிக்கு வரி உங்கள் குரல். "ஒழுங்கே முதல் பாடம்" என்று எழுதியிருக்கிறான். அவன் பத்து வயதில் எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் எழுந்தவன். ஒழுங்கு யார் சரக்கு என்று எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஏழாவது பக்கம். மணி அடித்ததும் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கேட்டைப் பூட்ட வேண்டுமாம். தாமதமாக வருகிற பிள்ளைக்கு அன்று பள்ளி கிடையாதாம். உங்கள் பள்ளிக்கூடத்தில் நீங்கள் அப்படிச் செய்துதான் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்களாம், அதை மாவட்டம் முழுக்கச் செய்யப்போகிறானாம்.

இதைப் படித்ததும் இஸ்திரிக்காரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சட்டை காயுது, எடுக்கணும்" என்று போய்விட்டாள். நான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

ஞாபகம் என்பது எனக்கு வரம் இல்லை சம்பந்தி அம்மா, வியாதி. அவன் ஆறாம் வகுப்பில் உங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம். சட்டையின் இடது தோளும் இடது கையும் மட்டும் வெளுத்துப் போகும், வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கும். துவைத்ததில் வெளுத்தால் இரண்டு பக்கமும் வெளுக்கும். வெயிலில் ஒரே பக்கமாக நின்றால்தான் இப்படி ஆகும். கேட்டால், "ஜன்னலோரம் உட்கார்றேன்மா" என்பான். ஒரு நாள் தைத்த துணி கொடுக்கப் போகிற சாக்கில் அந்த வழியாகப் போனேன். கேட் பூட்டியிருக்கிறது. என் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வெளியே வெயிலில் நிற்கிறான்.

உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் நான் என்ன சொல்வேன்? திரும்பி வந்துவிட்டேன். காலையில் துணி மூட்டையைக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னதால்தான் தாமதமாகிறது என்று அன்றோடு அவனை அனுப்புவதை நிறுத்தினேன். நானே தலையில் சுமந்தேன். அப்படியும் அவன் சட்டை வெளுப்பது நிற்கவில்லை. ஏன் என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

என் பிள்ளையை வெயிலில் நிறுத்திய கேட்டை இப்போது அவன் கையாலேயே எல்லாப் பிள்ளைக்கும் பூட்ட வைக்கிறீர்கள். இதற்கு முன் வரிசையில் உட்கார்ந்து நான் கை வேறு தட்ட வேண்டுமா?

இப்படிக்கு,
தையல் பாட்டி


ஜூன் 22

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இத்தனை வருடமாக இது மனதில் இருந்தும், கல்யாணப் பேச்சின்போது ஒரு முகச்சுளிப்புகூடக் காட்டவில்லையே. தங்களை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

கேட்டைப் பற்றித் தாங்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மீதியைச் சொல்கிறேன், சமாதானம் ஆவீர்கள்.

எனக்கு முதல் பாடவேளையில் வகுப்பு கிடையாது. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நடை நடப்பேன். ஒரு நாள் கேட்டுக்கு வெளியே நின்ற தங்கள் மகனிடம் கம்பி வழியாக ஒரு கணக்குக் கேட்டேன், திட்டலாம் என்றுதான். பட்டென்று பதில் சொன்னான். மறுநாள் அதைவிடக் கடினமாக ஒன்று கேட்டேன். அதற்கும் சொன்னான். பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் உள்ளே, அவன் வெளியே, நடுவில் கம்பி. அந்த வருடம் முடிவதற்குள் அவன் எட்டாம் வகுப்புக் கணக்கைப் போட்டான். அவன் படிப்பு வகுப்பறையில் ஆரம்பிக்கவில்லை அம்மா, அந்தக் கேட்டில்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளையே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவன் ஏன் தொடர்ந்து தாமதமாக வந்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். ஒரு காலை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்பே வந்து, எதிர் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மணி ஓயும்வரை அங்கேயே இருந்துவிட்டு, கேட் பூட்டிய பிறகு ஓடி வந்து நின்றான். வேண்டுமென்றே. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம் படிக்க ஒரு பிள்ளை இவ்வளவு பாடுபடுகிறானே என்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஆகவே தாங்கள் வருந்த ஒன்றுமில்லை. தங்கள் துணி மூட்டையும் காரணமில்லை.

சட்டை தயாராகிவிட்டது. இப்போது கச்சிதமாக இருக்கிறது.

தங்கள்,
டீச்சர் பாட்டி


ஜூன் 25

சம்பந்தி அம்மாவுக்கு,

சமாதானம் ஆவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்த பெண்மணி, இதுகூடவா தெரியாது?

அவன் வெயிலில் தண்டனையாக நின்றான் என்று நினைத்தவரை எனக்கு உங்கள்மேல் கோபம்தான் இருந்தது. கோபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர் குடித்தால் இறங்கும். இப்போது சொல்கிறீர்கள், அவன் ஆசைப்பட்டு நின்றான் என்று. மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, தோள் கருக வெயிலில் காய்ந்து, உங்களுக்காக. வீட்டில் "தம்பி, கொஞ்ச நேரம் பொத்தானுக்குக் காஜா தைக்கணும், துணியைப் பிடி" என்று கெஞ்சினால் ஓடிவிடுவான். எனக்காக அவன் ஒரு நிமிஷம் நின்றதில்லை. நான் தலையில் மூட்டை தூக்கிய வருஷம் முழுக்க நீங்கள் இரண்டு பேரும் கம்பி வழியாகக் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வயிறு எரிகிறது. எரிகிறது என்று எழுதினால் போதாது, வேறு சொல் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தச் சட்டை கச்சிதமாக இருக்கிறதாம். இருக்கட்டும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவோடு நிறுத்திக் கடிதத்தை ஒட்டியிருப்பேன். இஸ்திரிக்காரி வந்து கெடுத்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னக்கா, சம்பந்தியம்மா லெட்டர் வந்தா உங்க முகம் கறுத்துப் போகுதே" என்றாள். சொன்னேன். கேட்டைப் பற்றி, கணக்கைப் பற்றி, எல்லாம். இஸ்திரிப் பெட்டியில் கரி அணைந்துபோகும்வரை கேட்டாள். அப்புறம் சொன்னாள்:

"தெரியும்க்கா. நானும் அங்கதானே நின்னேன்."

இவள் பால்காரர் மகள். காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும். தினமும் தாமதம். கேட்டுக்கு அந்தத் தூண் பக்கம் அவள், இந்தத் தூண் பக்கம் தம்பி. இத்தனை வருஷம் அடுத்த கடையில் இருக்கிறாள், ஒரு நாளும் சொன்னதில்லை.

"டீச்சர் கேக்கற கணக்கு எனக்கும் காதுல விழும்க்கா. சிலதுக்கு விடைகூடத் தெரியும். வாய் வரைக்கும் வரும். ஆனா அவங்க என்னைப் பாத்து ஒரு தடவைகூடக் கேக்கல. பாடம் முடிஞ்சதும் அவனுக்கு மட்டும் கேட்டைத் திறப்பாங்க. நான் வீட்டுக்குப் போயிருவேன். கொஞ்ச நாள் போனேன், வந்தேன். அப்புறம் எதுக்குடா இதுன்னு பள்ளிக்கூடத்தை விட்டே நின்னுட்டேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன, உங்க பிள்ளை நல்லா வந்தான்ல? நல்லா வந்தவனைப் பாத்து என்னத்தச் சொல்றது?"

அவளுக்குப் பொறாமையே இல்லை பாருங்கள். எனக்கு அவள் பங்கும் சேர்த்து இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். கம்பிக்கு வெளியே நின்ற மற்றப் பிள்ளைகளை நீங்கள் என்ன கேட்டீர்கள்? ஒன்றும் கேட்கவில்லை என்றால், அந்தக் கேட் என் மகனை ஆளாக்கவில்லை. நீங்கள் ஆளாக்கினீர்கள் (எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்). கேட் செய்தது இஸ்திரிக்காரியை. மாவட்டம் முழுக்க அவன் பூட்டப்போவது கேட்டை மட்டும்தான். உங்களை ஒவ்வொரு கேட்டிலும் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான். "அம்மாவுக்கு டீச்சரைக் கண்டாலே ஆகாது" என்று போனை வைத்துவிடுவான். உண்மைதானே, ஆகாதுதான். நீங்கள் சொன்னால் கேட்பான். ஆனால் சொன்னால் அவன் கண்ணில் நீங்கள் ஒரு படி இறங்கிவிடுவீர்கள். இறங்குவீர்களா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தையல் பாட்டி


ஜூலை 3

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் பல நாள் என் மேசையிலேயே இருந்தது. பதில் எழுதத் தெரியாமல் நான் உட்கார்ந்த முதல் கடிதம் இது.

அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை. தூண் நினைவிருக்கிறது, தூணில் உரிந்த சுண்ணாம்பு நினைவிருக்கிறது. பக்கத்தில் யாரோ நின்றதுகூட மங்கலாக இருக்கிறது. முகம் வரவில்லை.

நேற்று சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஏழாம் பக்கத்தை எடுத்துவிடுங்கள், அது நல்ல யோசனை இல்லை, என் பள்ளியிலும் அது நல்லதாக இருந்ததில்லை, உங்கள் ஒருவரைத் தவிர. அவர் சிரித்தார், நான் தன்னடக்கமாகப் பேசுவதாக நினைத்து. மற்றப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அப்போ என்கிட்ட மட்டும் ஏன் டீச்சர் கேட்டீங்க?" என்றார். நீ பதில் சொன்னாய், எனக்கு அது பிடித்திருந்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை என்றேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். எதிரில் வந்தால் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார்.

தாங்கள் எழுதித்தான் எனக்குத் தோன்றியது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொறாமையில் எழுதியது என்று தள்ளிவிடுவார். நானாகச் சொன்னதாகவே இருக்கட்டும்.

நாளை காலை அங்கே வருகிறார். "அம்மாவைப் பார்த்து நாளாச்சு" என்றார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். பிரித்துப் பார்க்க மாட்டார். அது தாங்கள் வளர்த்த விதம், நான் கற்றுக்கொடுத்ததல்ல.

இனி அவர் தங்களிடமே அதிகம் வரலாம். அது தங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தால் நான் குறையாக எண்ண மாட்டேன்.

தங்கள்,
டீச்சர் பாட்டி


ஜூலை 5, ஞாயிறு

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

தம்பி வந்தான். இரண்டு நாளாக இருக்கிறான். இதற்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள்மேல் கோபித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறான். மனசுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டேன். மறைக்கவில்லை.

ஆட்டம் ஒரு வேளைக்குத்தான் தாங்கியது. கோபித்துக்கொண்டு வந்தவன் வாயைத் திறந்தால் நீங்கள்தான். டீ கொடுத்தால், "டீச்சர் சர்க்கரை போட விட மாட்டாங்க." விளக்கைப் போட்டால், "டீச்சருக்கு இந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது." உங்கள் போன் வருகிறது, எடுக்க மாட்டேன் என்கிறான், ஆனால் அடித்து நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறான். என்னிடம் அவன் ஒரு நாளும் கோபித்துக்கொண்டது கிடையாது. கோபித்துக்கொள்ளக்கூட ஒரு பாத்தியதை வேண்டும் போலிருக்கிறது. அதையும் உங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறான்.

"டீச்சர் தானாவே சொன்னாங்கம்மா. நான் கேக்கக்கூட இல்ல. அவங்களுக்கு என்ன தலையெழுத்து, இதைச் சொல்லணும்னு?" என்றான். அதை நான்தான் எழுதினேன் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பேர் எனக்கு. விழுங்கிவிட்டேன். நீங்கள் என் பேரைச் சொல்லாமல் காப்பாற்றினீர்கள், நான் அதை உடைத்தால் அப்புறம் அதிலும் நீங்கள் ஒரு படி மேலே போய்விடுவீர்கள். அது என்னால் ஆகாது.

நேற்று அவன் சட்டையைப் பெட்டி போட இஸ்திரிக்காரியிடம் எடுத்துக்கொண்டு போனான். பின்னாடியே நானும் போனேன், துணி எடுக்கிற மாதிரி.

"வாங்க அதிகாரி. இன்னிக்கும் லேட்டா?" என்றாள் அவள்.

இவனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவளையே பார்த்தான். "நீ... பால் கேன் வெச்சுக்கிட்டு..."

"அட, ஞாபகம் இருக்கே! தூணுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"அப்பவே ஏன் என்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"நீ எங்க என் பக்கம் திரும்பின? டீச்சரையே இல்ல பாத்துக்கிட்டு நின்ன."

அவன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். அவள் அடுத்த சட்டையை விரித்துக்கொண்டே, "அன்னிக்கு டீச்சர் உன்கிட்ட ஒரு கணக்கு கேட்டாங்க, நீ தப்பா சொன்ன. ரெண்டு குழாய் தண்ணித் தொட்டி கணக்கு. எனக்கு விடை தெரியும்" என்றாள். "சொல்லு பாப்போம்" என்றான். சொன்னாள். விரலை மடக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றான். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷம் அந்த விடையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் பாவி. ஞாபக வியாதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை என் வெட்டு மேசையில் உட்கார்ந்து ஏழாம் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினான். கேட்டைப் பூட்டக் கூடாதாம். கேட்டுக்கு உள்ளே ஒரு பெஞ்சு போட வேண்டுமாம். தாமதமாக வருகிற பிள்ளைக்காக முதல் பாடவேளையில் தலைமை ஆசிரியர் அங்கே உட்கார வேண்டும், ஏன் தாமதம் என்று கேட்க வேண்டும், ஒரு கணக்கும் கேட்க வேண்டும், விடை சரியோ தப்போ கையைப் பிடித்து வகுப்பில் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு பிள்ளை விடாமல். இஸ்திரிக்காரிக்கு வாசித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் பேனாவை மூடினான்.

ஆகக்கூடி, எல்லாக் கேட்டிலும் ஒரு நீங்கள். எடுத்தது ஒரு நீங்களை, போட்டது ஊருக்கு ஒரு நீங்களை. நான் மெனக்கெட்டுக் கடிதம் எழுதி உங்களுக்கு மாவட்டம் முழுக்க நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்னைப் போல ஒரு பைத்தியக்காரி இருப்பாளா?

மத்தியானம் அவனை நிறுத்தி டேப் வைத்து அளந்தேன். முதல் தடவை. சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். மார்பு, வயிறு, தோள், எல்லாம் என் கணக்கில் இருந்ததைவிட ஒரு சாண் பெரிய ஆளாக இருக்கிறான். நான் மனதில் வைத்திருந்தது கல்லூரிக்குப் போன பையனை. நீங்கள் எழுதியது சரிதான், அளவு வேண்டும். அளவைச் சீட்டில் எழுதி மிஷின் டிராயரில் போட்டிருக்கிறேன். அடுத்த சட்டைக்கு ஊர்த் தையல்காரர் தேவைப்பட மாட்டார்.

சாயங்கால பஸ்ஸில் அனுப்பி வைக்கிறேன். "போறதுக்கு முன்னாடி டீச்சருக்கு ஒரு போன் பண்ணுடா" என்றேன். "போய்ப் பேசிக்கறேன்" என்று முறைத்தான். "சரி, நேரத்துக்குப் போய்ச் சேரு, இல்லாட்டி கேட்டைச் சாத்திருவாங்க" என்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவ்வளவுதான், கோபம் போய்விட்டது. பஸ் அங்கே வந்து சேரும்போது பழைய மாப்பிள்ளையாக இருப்பான். எடுத்துக்கொள்ளுங்கள்.

12ஆம் தேதி நானும் இஸ்திரிக்காரியும் வருகிறோம். முன் வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லுங்கள். அவள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு முழுக்கை வைத்த மேல்சட்டை, கனத்த துணி, குளிருக்கு. சால்வை மாதிரி நழுவாது. கரும்பலகையில் எழுதி எழுதி உங்கள் வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி வெட்டியிருக்கிறேன். இடது கை மணிக்கட்டு வலதைவிடக் கொஞ்சம் மெலிவு. கழுத்து கொஞ்சம் முன்னால் சாயும்.

உங்களிடம் அளவு கேட்கவில்லை. பிரித்துத் தைக்க வேண்டி வராது, அதனால் உள்ளே துணியும் விடவில்லை. பெற்ற பிள்ளையை அன்பாகப் பார்த்த கண்தான் ஏமாந்துபோனது. உங்களை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
தையல் பாட்டி